கரையின் குரல்: பழவேற்காட்டுப் பிரகடனம்

ஏரியை அறிந்தவர்களே இனி ஏரியைப் பற்றிப் பேசுவார்கள். கடலில் உழைப்பவர்களே இனி கடலைப் பற்றித் தீர்மானிப்பார்கள். இந்த இரு நம்பிக்கைகளின் மேல் எங்கள் இயக்கம் எழுகிறது.

அறிவு அலுவலகத்துக்கு, உழைப்பு கரைக்கு என்று பிரித்துவைத்த காலம் முடிந்தது. அந்த ஏற்பாடு எங்களைப் பயனாளிகள் என்று பட்டியலிட்டது. அறிந்தவர்கள் என்று ஒருநாளும் ஏற்கவில்லை.

1990களின் இறுதியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால், புதுச்சேரி வீராம்பட்டினத்தில் அலையின் உயரத்தை ஒலிபெருக்கி ஊருக்கே அறிவித்தது. அந்த ஒலிபெருக்கியின் வேலையை இன்று கைபேசி செய்கிறது. ஐதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் கணிக்கும் காற்றும் அலையும் மீன் திரளும் இடமும் தமிழிலேயே வந்து சேர்கின்றன. நன்றியோடு ஏற்கிறோம்; அதோடு நிற்க மறுக்கிறோம். கரைக்குச் செய்தி வர வழி பிறந்தது. கரையிலிருந்து செய்தி போக வழி பிறக்கவில்லை. அதைத் திறப்பதே எங்கள் பணி.

எங்கள் முன்னோர் நீரைப் பங்கிட்டார்கள். பாடு முறையில், குலுக்கல் சொன்ன நாளில் சொன்ன இடத்தில்தான் சுத்துவலை கட்ட வேண்டும். வலியவனுக்கு நிரந்தரச் செழிப்பில்லை, எளியவனுக்கு நிரந்தர வறுமையில்லை. அந்த நீதியை அறிவுக்கும் விரிக்கிறோம். ஆனால் பாடு முறையில் எல்லோருக்கும் இடமிருந்ததில்லை என்பதையும் மறைக்க மாட்டோம். ஓலைப்பறியைப் பல்லில் கவ்வியபடி, நீருக்குள் குனிந்து சேற்றைத் துழாவிக் கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்ணுக்குப் பாடு இல்லை. எங்கள் இயக்கத்தில் அவளே முதல் ஆசிரியை. எந்த இறால் எந்த மாதம் குறைந்தது, எந்தச் சேறு நிறம் மாறியது என்று அவள் விரல்கள் அறிந்ததை அவள் குரலிலேயே பதிவோம். எழுதத் தெரிய வேண்டியதில்லை, பேசினால் போதும்.

மீன் ஏலத்தில் விலையை மறைக்கும் வழக்கத்தை மறுக்கிறோம். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் போன்ற திட்டங்களின் ஆய்வறிக்கைகள் ஆங்கிலத்துக்குள் பூட்டிக் கிடப்பதை மறுக்கிறோம்: குப்பத்துப் பிள்ளைகள் அவற்றைத் தமிழில் வாசித்து வீடுதோறும் அனுப்புவார்கள்.

ஏரியின் உயிர் முகத்துவாரத்தில் இருக்கிறது. அது மணலால் மேடிட்டால் கடல்நீர் நுழையாது, இறால்குஞ்சு ஏறாது, படகு வெளியேறாது. எங்கள் முதல் வேலை அங்கே தொடங்குகிறது. ஒவ்வோர் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் லைட்ஹவுஸ் குப்பத்தாரும் கூனங்குப்பத்தாரும் அரங்கம்குப்பத்தாரும் அதன் அகலத்தையும் ஆழத்தையும் அளந்து, படத்தோடும் நாளோடும் கைபேசியில் பதிவார்கள். தூர்வாரக் கோரும் அடுத்த மனுவோடு அந்தப் பதிவுகளும் மீன்வளத்துறையின் மேசைக்குப் போகும்.