ஒரே பணப்பையை நம்பிய பல்கலைக் கழகம்

காபூல் நகரில் 2006-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஆப்கானிஸ்தான் அமெரிக்கப் பல்கலைக் கழகம் துப்பாக்கிக்குத் தப்பிப் பிழைத்தது. ஆட்சி மாற்றத்தையும் தாக்குப்பிடித்தது. ஆனால் 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் வாஷிங்டனில் போடப்பட்ட ஒரு கையெழுத்து அதை ஆட்டங்காணச் செய்துவிட்டது. பதவியேற்ற அன்றே அதிபர் டிரம்ப் வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தார். யு.எஸ்.எய்ட் என்ற அமெரிக்க அரசின் உதவி நிறுவனம் அதே ஆண்டு ஜூலை முதல் தேதியோடு தன் தனிச் செயல்பாட்டை முடித்துக்கொண்டது. அந்த நிறுவனத்தின் பணத்தையே பெரிதும் நம்பி நடந்து வந்த பல்கலைக் கழகம் இது.

அமெரிக்காவின் பணம், அமெரிக்கா நிறுத்திவிட்டது, நமக்கென்ன என்று கேட்கலாம். விஷயம் அவ்வளவு சுலபமானதல்ல. யுத்தத்தில் சீரழிந்த ஒரு நாட்டில் உயர்கல்வியை யார் நடத்துவது, யார் பணத்தில் நடத்துவது என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது.

இப்பல்கலைக் கழகம் அமெரிக்கர்கள் மட்டுமே கண்ட கனவு அல்ல. தாலிபான்களின் முதல் ஆட்சி 2001-இல் வீழ்ந்த பின்னர் உயர்கல்வி அமைச்சராக இருந்த ஷரீப் பாயெஸ் என்ற ஆப்கானியப் பேராசிரியர்தான் இதற்கு மூலகாரணமாக இருந்தவர். இருபது ஆண்டுக்கு மேற்பட்ட சண்டையில் கல்லூரிகள் பாழாகி, நூலகங்கள் சூறையாடப்பட்டு, ஆசிரியர்கள் நாட்டை விட்டே ஓடிப்போயிருந்த காலம் அது. அரசாங்கக் கல்லூரிகளைச் சீர்செய்யப் பல ஆண்டுகளாகும். அதுவரை புதிய முறைக்கு முன்மாதிரியாக ஒன்று வேண்டும் என்று அவர் கருதினார். ஐம்பது சொச்சம் மாணவர்களோடு வகுப்புகள் தொடங்கின.

அமெரிக்க முறை என்கிறார்களே, அதில் என்ன விசேஷம்? நம் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு நெடுங்காலமாகப் பழகிய முறை வேறு. பி.காம். என்று சேர்ந்தால் கடைசி வரை பி.காம்.தான். பாடத்திட்டம் எங்கோ தயாராகும். கேள்வித்தாளை யாரோ எடுப்பார். விடைத்தாளை மற்றொருவர் திருத்துவார். வகுப்பில் நின்று பாடம் நடத்தியவருக்கு இவற்றில் பெரும்பாலும் பங்கிராது. அமெரிக்க முறையில் மாணவன் முதலில் சரித்திரம், கணக்கு, விஞ்ஞானம், கட்டுரை எழுதுதல் என்று பலவற்றையும் தொட்டுப் பார்க்கிறான். பிறகுதான் தன் துறையைத் தேர்ந்தெடுக்கிறான். பாடம் நடத்துபவரே பரீட்சை வைக்கிறார், அவரே மதிப்பெண் போடுகிறார். அந்த மதிப்பெண்ணில் வகுப்பில் எழுந்து கேள்வி கேட்பதற்கும், ஆசிரியர் சொன்னதைக் காரணத்தோடு மறுப்பதற்கும்கூடப் பங்கு உண்டு. ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை கிரெடிட் என்று கணக்கு வைத்திருப்பதால், பாதியில் ஊர் மாற நேர்ந்தால் படித்தது வீணாகாமல் வேறொரு பல்கலைக் கழகத்துக்கு எடுத்துப் போகலாம். இந்தக் கடைசி அம்சம் சாதாரண ஊர்களில் ஒரு வசதி. காபூல் போன்ற ஊரில் அதுவே உயிர்நாடி என்பது பின்னால் தெரியவந்தது.

பஷ்தூன், தாஜிக், ஹஸாரா, உஸ்பெக் என்று தனித்தனியே பிரிந்து சண்டையிட்ட நாடு அது. அந்தப் பிள்ளைகள் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, எவருக்கும் தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில் விவாதித்தார்கள். பெண்களும் அதே வகுப்பில் உட்கார்ந்தார்கள். பாடப் புத்தகத்தைவிட இதுவே பெரிய பாடம் என்று சொன்னால் மிகையாகாது.

இதற்குக் கொடுத்த விலையும் சாதாரணமானதல்ல. 2016 ஆகஸ்டில், அமெரிக்கர் ஒருவரும் ஆஸ்திரேலியர் ஒருவருமாக இரண்டு பேராசிரியர்கள் துப்பாக்கி முனையில் கடத்தப்பட்டார்கள். மூன்று வருஷத்துக்கு மேல் சிறையிருந்து 2019 நவம்பரில்தான் விடுதலை பெற்றார்கள். கடத்தல் நடந்த அதே மாதம் 24-ஆம் தேதி மாலை, ஆயுதம் தாங்கியவர்கள் பல்கலைக் கழகத்துக்குள்ளேயே புகுந்து இரவெல்லாம் சுட்டார்கள். மாணவர்களும் ஆசிரியரும் காவலர்களுமாகப் பன்னிரண்டு பேருக்கு மேல் மாண்டார்கள். இதோடு கதை முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் அடுத்த மார்ச்சில் கதவுகள் மீண்டும் திறந்தன. காயம்பட்ட மாணவர்கள் சிலரும் வகுப்புக்குத் திரும்பி வந்தார்கள்.

பிறகு 2021 ஆகஸ்ட் 15 வந்தது. தாலிபான்கள் காபூலைக் கைப்பற்றினார்கள். பல்கலைக் கழக வளாகமும் அவர்கள் வசமாயிற்று. அமெரிக்கா என்ற பெயர் பதித்த அடையாள அட்டையே ஆபத்தாகிவிட்ட நிலையில், மாணவர்களின் பெயர்களடங்கிய ஆவணங்களை அதிகாரிகளே அழித்தார்கள். பல்கலைக் கழகம் கத்தார் நாட்டின் தோஹா நகருக்குக் குடிபெயர்ந்தது. ஆப்கானிஸ்தானுக்குள் சிக்கிக்கொண்ட மாணவ மாணவியருக்குக் கணினி வழியே வகுப்புகள் நடத்தப்பட்டன. நூற்றுக்கு மேற்பட்டவர்களை இராக்கின் சுலைமானியா நகரத்து அமெரிக்கப் பல்கலைக் கழகம் ஏற்றுக்கொண்டது. அதுவும் யுத்தம் கண்ட நாட்டில் 2007-இல் லாப நோக்கின்றித் தொடங்கப்பட்டதுதான். வேறு சிலர் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் உள்ள அதே முறைப் பல்கலைக் கழகத்துக்குப் போனார்கள். கிரெடிட் கணக்கின் அருமை அப்போதுதான் புரிந்தது. ஒரே முறையில் நடப்பவை ஆனதால் காபூலில் விட்ட இடத்திலிருந்து படிப்பைத் தொடர முடிந்தது.

2022 டிசம்பரில் தாலிபான் அரசு பெண்களுக்குப் பல்கலைக் கழகக் கதவை அடியோடு மூடியது. ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் அதற்கு முன்னரே இல்லாமற் போயிற்று. வீட்டின் உள்ளறையில் உட்கார்ந்து கணினித் திரையில் பாடம் கேட்பது ஒன்றுதான் பல பெண்களுக்கு மிஞ்சிய வழி. 2025-இல் வாஷிங்டனில் ரத்தான பணம் அந்தத் திரைக்குப் பின்னால் இருந்த ஆசிரியருக்குச் சம்பளமாகப் போய்க்கொண்டிருந்த பணம் என்பதை மறக்கலாகாது.

லாப நோக்கில்லாத ஸ்தாபனம் என்றதும் நம் வாசகர்களில் சிலருக்குச் சிரிப்பு வரக்கூடும். அறக்கட்டளை என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் கேபிடேஷன் வாங்கும் கல்லூரிகளை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். காபூல் விஷயத்திலும் கேள்விகள் எழாமல் இல்லை. அமெரிக்க அரசு அதற்குக் காலப்போக்கில் பத்துக் கோடி டாலருக்கு மேல் கொடுத்திருக்கிறது. கணக்கும் நிர்வாகமும் சரியில்லை என்று அமெரிக்கத் தணிக்கையாளர்களே குறை கூறி, நிர்வாகத்தைச் சீர்திருத்துவதாக 2019-இல் அதனிடம் எழுதி வாங்கினார்கள். இது மறைக்க வேண்டிய விஷயமல்ல. கணக்குக் கேட்கப்பட்டது, திருத்தம் கோரப்பட்டது, பள்ளி தொடர்ந்து நடந்தது. தணிக்கை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். முன்னறிவிப்பின்றிப் பணத்தை நிறுத்துவது தணிக்கையாகாது.

அமெரிக்கப் பிரசாரத்துக்கு இது ஒரு கருவி என்ற குற்றச்சாட்டும் உண்டு. இதற்குப் பதில் பெய்ரூட்டில் இருக்கிறது. அமெரிக்கப் பாதிரியார்கள் 1866-இல் பதினாறு மாணவர்களோடு அங்கே தொடங்கிய கல்லூரிதான் இன்றைய பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக் கழகம். பாலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணியை நிறுவி அமெரிக்காவை வாழ்நாள் முழுதும் எதிர்த்த ஜார்ஜ் ஹபாஷ் அங்கேதான் மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றார். சுயமாகச் சிந்திக்கக் கற்றுக்கொடுத்தால் பணம் கொடுத்தவனையும் எதிர்த்துச் சிந்திப்பான். அதைத் தடுக்க எந்தப் பாடத்திட்டத்தாலும் முடியாது.

அந்தப் பெய்ரூட் பல்கலைக் கழகம் 1975 முதல் 1990 வரை நடந்த உள்நாட்டு யுத்தத்தைக் கடந்து வந்தது. அதன் தலைவர் மால்கம் கெர் 1984 ஜனவரியில் அலுவலக வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். யுத்தம் ஓய்ந்த பிறகும், 1991-இல், பிரதான கட்டடமான காலேஜ் ஹால் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. 1999-இல் திரும்பவும் எழுந்து நின்றது. எப்படி முடிந்தது? கல்லூரியைத் திறப்பதற்கு முன்பே அதன் முதல் தலைவர் டேனியல் பிளிஸ் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அலைந்து நிதி திரட்டிய பிறகுதான் காரியத்தில் இறங்கினார். முதலைத் தொடாமல் வருமானத்தில் செலவு செய்வது, பழைய மாணவர்களிடம் கேட்பது, பல நாட்டுக்காரர்களிடம் கேட்பது என்ற பழக்கம் பிறகு வளர்ந்தது. அமெரிக்க அரசும் கொடுத்ததுண்டு. ஆனால் அது மட்டுமே அன்னதாதாவாக இல்லை. அதற்கும் கஷ்டகாலம் வராமலில்லை. லெபனானின் நாணயம் சரிந்தபோது 2020-இல் சுமார் 850 ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிற்று. ஆயினும் மூடவில்லை. காபூலுக்கு இப்படி வேர் பிடிக்க அவகாசமே கிடைக்கவில்லை என்பது உண்மை. இருபதாண்டுப் பள்ளியை நூற்றைம்பதாண்டுப் பள்ளியோடு ஒப்பிடுவது முழு நியாயமாகாது.

தமிழர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் 1823-இல் நிறுவிய செமினரி அக்காலத்தில் கீழ்நாடுகளிலேயே பேர்பெற்ற உயர்கல்விக் கூடங்களில் ஒன்று. சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவரும் அங்கே பயின்றவர்களே. அவ்விருவரில் ஒருவர்தான் கலித்தொகையைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம் பிள்ளை. அந்தச் செமினரியை 1855-இல் மூடிவிட்டார்கள். ஊரில் மாணவர் குறைந்ததால் அல்ல. ஆங்கில உயர்கல்விக்குச் செலவிடுவது மத ஊழியத்துக்குப் பயன்படாது என்று கடல் கடந்த அமெரிக்கத் தலைமை முடிவு செய்ததால். பழைய மாணவர்களும் ஊர்ப் பெரியவர்களும் சும்மா இருக்கவில்லை. கூட்டம் கூட்டி, பணம் ஒப்புக்கொண்டு, மிஷனையும் விடாமல் நச்சரித்து, 1872-இல் யாழ்ப்பாணக் கல்லூரி என்ற பெயரில் அதே வட்டுக்கோட்டையில் மறுபடியும் கல்வியைத் தொடங்கவைத்தார்கள். இடையில் பதினேழு வருஷம் போயிற்று. அந்தப் பதினேழு வருஷத்தில் படிக்க வேண்டியவர்கள் படிக்காமலே போனார்கள்.

ஆப்கானியப் பெண்களுக்குப் பதினேழு வருஷம் காத்திருக்க முடியாது. ஊர் கூடி நிதி திரட்டவும் அங்கே இன்று வழியில்லை. ஆகவே வெளியிலுள்ளவர்கள்தான் கூடவேண்டும். அதில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. ஆப்கானிஸ்தானில் சாலை போட்டோம்; 2015-இல் பார்லிமெண்டுக் கட்டடம் கட்டி முடித்தோம்; 2016-இல் ஹெராத் அருகே சல்மா அணையைத் திறந்து வைத்தோம்; காந்தஹாரில் விவசாயப் பல்கலைக் கழகம் அமைய உதவினோம். ஆண்டுதோறும் ஆயிரம் பேர் அளவில் உதவித்தொகை கொடுத்து ஆப்கானிய மாணவர்களை இங்கே வரவழைத்தோம். புனாவிலும் பெங்களூரிலும் நம்மவர்கள் குடியிருக்கும் தெருக்களிலேயே அவர்களும் அறை எடுத்துத் தங்கிப் படித்ததை வாசகர்கள் பலர் பார்த்திருப்பார்கள்.

இவ்வளவு செய்த அதே சர்க்கார் 2021 ஆகஸ்டில் ஆப்கானியர்களுக்கு முன்னரே கொடுத்திருந்த விஸாக்களை ஒரேயடியாகச் செல்லாதவை என்று அறிவித்துவிட்டது. கொரோனாவின்போது ஊருக்குப் போயிருந்த மாணவர்கள் பலர், கட்டணம் கட்டிய இந்தியக் கல்லூரிக்குத் திரும்ப முடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். பாதுகாப்புக் காரணம் சொல்லப்பட்டது. அதைத் தள்ளிவிட முடியாது என்றாலும், ஒவ்வொரு பெயராகப் பரிசீலித்திருக்கலாம். 2023-இல் இந்தியக் கலாசார உறவுக் கவுன்சில் ஆப்கானியர்களுக்குக் கணினி வழிப் படிப்புக்காக ஆயிரம் உதவித்தொகைகளை அறிவித்தது வரவேற்கத்தக்க மாற்றம்.

2025 அக்டோபரில் தாலிபான் வெளிநாட்டு அமைச்சர் தில்லிக்கு வந்தபோது, காபூலில் உள்ள நம் அலுவலகத்தை மீண்டும் தூதரகமாக்குவதாக இந்தியா அறிவித்தது. அவருடைய முதல் பத்திரிகையாளர் கூட்டத்தில் பெண் நிருபர்களுக்கு இடமில்லாமற் போய், கண்டனம் எழுந்த பிறகு அவர்களையும் அழைத்து இன்னொரு கூட்டம் போட்டார். வற்புறுத்தினால் ஓரளவேனும் இறங்கி வருவார்கள் என்பதற்கு இது அடையாளம். தூதரகம் இருக்கும்போது பெண் கல்வியைப் பற்றிப் பேசாமலிருப்பதற்குச் சாக்கு இல்லை.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்களும் அல்ல. ஆப்கானிஸ்தான் அமெரிக்கப் பல்கலைக் கழகத்தில் படிப்பு அறுந்துபோன மாணவியரின் கிரெடிட்டுகளை இந்தியப் பல்கலைக் கழகங்கள் ஏற்று, மீதி வகுப்புகளில் சேர்த்துக்கொள்ளலாம். ஆயிரம் கணினி வழி உதவித்தொகைகளில் பாதியையாவது பெண்களுக்கென ஒதுக்கலாம். லாபத்தில் ஒரு பகுதியைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சட்டம் கட்டாயப்படுத்தும் நம் பெரிய கம்பெனிகளின் பணம் உள்நாட்டுக்கே உரியது என்பது சரி. ஆனால் இங்கே வந்து படிக்கும் ஆப்கானியப் பெண்ணின் விடுதிக் கட்டணத்தைத் தனியார் தர்ம ஸ்தாபனங்கள் ஏற்கத் தடையேதும் இல்லை.

விஸா கொடுப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஆண் உறவினர் துணையின்றிப் பெண்கள் 72 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்யக் கூடாது என்று தாலிபான்கள் 2021 டிசம்பரில் உத்தரவு போட்டார்கள். துபாய்த் தொழிலதிபர் ஒருவரின் உதவித்தொகையில் படிக்கப் புறப்பட்ட பெண்களை 2023 ஆகஸ்டில் காபூல் விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பினார்கள். ஆகையால் மாணவிக்கு விஸா கொடுக்கும்போது, கூட வரும் தகப்பனுக்கோ அண்ணனுக்கோ அதே நாளில் அதே கவுண்டரில் விஸா கொடுக்கத் தூதரகம் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும்.