முழங்காலில் சனியனா?

நமது நாட்டில் ஒருவருக்கு அறுபது வயது கடந்துவிட்டால், அவரை உயிரோடிருக்கும்போதே பாதிப் பிணமாய் மதித்துவிடும் வழக்கம் இருந்து வருகின்றது. “காடு வா வா என்கிறது, வீடு போ போ என்கிறது” என்று இதற்கொரு பழமொழியும் செய்து வைத்திருக்கிறார்கள். அதைச் செய்தவன் நிச்சயமாய்க் கிழவனாய் இருந்திருக்க மாட்டான்.

காரைக்கால் பகுதியின் தென்கோடியில் நாகூரை ஒட்டிக் கிடக்கும் கீழவாஞ்சூரையே எடுத்துக்கொள்ளுவோம். 2009 முதல் கப்பல் வந்து நிற்கும் துறைமுகமுள்ள ஊர் அது. அப்பேர்ப்பட்ட கடற்கரையில் நாற்பது வருஷம் மீன்கூடை சுமந்த கிழவிக்கு முழங்கால் வீங்கினால் வீட்டார் என்ன சொல்லுகிறார்கள்? “உனக்கு ஏழரைச் சனி, திருநள்ளாற்றுக்குப் போய் நளதீர்த்தத்தில் முழுகி, கட்டிய துணியை விட்டுவிட்டு வா, வந்து சிவனே என்று மூலையில் கிட” என்கிறார்கள். கிழவியும் கிடக்கின்றாள்.

தோழர்களே! இந்த ஏழரைக் கணக்கைச் சற்றுப் பாருங்கள். ராசிகள் பன்னிரண்டு. சோதிடன் சொல்லும்படி, எந்த நாளில் பார்த்தாலும் மூன்று ராசிக்காரருக்கு ஏழரைச் சனி. அதாவது நாட்டில் நாலில் ஒருவருக்கு எப்போதும் சனி! அதற்குமேல் அஷ்டமச் சனி, கண்டகச் சனி என்று வேறு. வலை இவ்வளவு அகலமாயிருந்தால் எந்த மீன்தான் தப்பும்? அந்தச் சனியோ நூறு கோடி கிலோ மீட்டருக்கும் அப்பால் சுற்றுகின்றது. காசினி என்னும் விண்கலம் 2004இல் அதனிடம் போய்ச் சேர்ந்து, 2017 வரை சுற்றிச் சுற்றிப் பார்த்தது. வளையத்தில் பனிக்கட்டியைக் கண்டதே தவிர, கீழவாஞ்சூர்க் கிழவியின் முழங்காலைப் பிடித்திருக்கும் கையைக் காணவில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வடக்கே காரைக்கால் நகரில் ஆனி மாதம் மாங்கனித் திருவிழா நடக்கின்றது. அந்த அம்மையார் தசையை உதறிப் பேயுருவம் கேட்டு வாங்கி, கயிலை மலையில் தலையால் நடந்து ஏறினார் என்பது புராணம். தலையால் நடந்தவரைக் கும்பிடுகின்ற ஊர், காலால் நடக்க விரும்பும் கிழவியைப் பார்த்து, “வயசுக்குத் தகுந்தபடி அடங்கி இரு” என்கின்றதே, இது என்ன நியாயம் என்று கேட்கின்றோம்.

உண்மை என்னவென்றால், முழங்கால் தேய்மானத்துக்கு மூலையில் கிடப்பதுதான் பெரிய சத்துரு. தொடைச் சதை வலுவாயிருந்தால் மூட்டின்மேல் விழும் பாரம் குறையும். நடக்க நடக்க வலியும் தணியும். படுத்தே கிடந்தால் முதியவர் உடம்பில் சதை விரைவில் கரையும். அப்புறம் எழுந்தால் தள்ளாட்டம், விழுந்தால் இடுப்பெலும்பு முறிவு, மறுபடியும் படுக்கை. இதற்குப் பெயர் விதியாம்! ஆண் கிழவர்களோ வாஞ்சூர் எல்லைச் சாராயக் கடையை வைத்தியசாலையாக்கிக் கொள்ளுகிறார்கள். வலி ஒரு மணி நேரம் மறக்கும். ஈரலும் கைக்காசும் போனது போனதுதான்.

இது நிற்க. பெரியார் 1973 டிசம்பர் 19இல் சென்னை தியாகராய நகரில் கடைசியாகப் பேசினபோது அவருக்கு வயது 94. சிறுநீருக்குக் குழாய் வைத்திருந்தது. பேச்சின் நடுவே வலி தாங்காமல் வாய்விட்டு முனகினார். முனகிவிட்டு மேலே பேசினார். ஐந்தாம் நாள், டிசம்பர் 24இல், வேலூர் ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. இதை வீரக்கதையாக்கிக் கும்பிட நாம் சொல்லவில்லை. அவர் வலியைப் புண்ணியமென்று பாராட்டியவரல்லர். டாக்டர் வைத்த குழாயும், பக்கத்திலிருந்து கவனித்த மணியம்மையாரும் இல்லாவிட்டால் அந்த மேடையே ஏது? செய்வதற்கு ஒரு வேலையும் வேண்டும். அதைச் செய்யவொட்டாமல் தடுக்கும் வலிக்கு மருந்தும் வேண்டும்.

மருந்தென்றால் ஒன்று சொல்லவேண்டும். புற்றுநோய் முற்றியவர் கதறும்போது, “முற்பிறப்பில் செய்த வினை, அனுபவித்துத்தான் தீரவேண்டும்” என்று ஆறுதல் சொல்லுகிறவர்களைப் போல் கல்நெஞ்சர் வேறு யாரிருக்கிறார்கள்? அந்த வலியைத் தணிக்க மார்பின் என்னும் மலிவான மருந்து இருக்கின்றது. அதற்கான அபினி மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் சர்க்கார் அனுமதியோடு விளைகின்றது. ஆனால் 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிக்குப் பயந்து ஆஸ்பத்திரிகள் அதை வைக்கவே அஞ்சின. 2014இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். கோழிக்கோட்டில் டாக்டர்கள் 1993இலேயே வலி தணிப்புச் சங்கம் தொடங்கினார்கள். அதன் வழியில் கேரளத்தில் தொண்டர்கள் வீடு தேடிப்போய்ப் படுக்கையிலிருப்போரைப் பார்க்கிறார்கள். கர்மம் மலையாளத்தில் மட்டும் மாத்திரைக்கு அடங்குமா?

சாவைப் பற்றியோ நாம் பொய் சொல்ல வரவில்லை. அது வரும், விளக்கு அணைவதுபோல் முடியும். அதற்கப்பால் வைதரணி ஆறு, எமவாதனை, கடக்கப் பசுதானம் என்பதெல்லாம் கிழவரின் கடைசிப் பயத்தைக் காசாக்கும் வியாபாரமே. மேற்கு வங்காளத்தில் முதல் மந்திரியாயிருந்த ஜோதிபாசு 2010இல் 95 வயதில் இறந்தபோது, அவர் உடம்பு அவர் எழுதிக் கொடுத்தபடியே வைத்திய மாணவர்களுக்குப் போயிற்று. எந்த ஆற்றில் தவிக்கிறாரென்று எந்தப் புரோகிதராவது தகவல் கொண்டு வந்தாரா?

ஆகவே, திருநள்ளாற்றுக்குக் கிழவியைக் கூட்டிப்போக வண்டிச் சத்தமும், எள் விளக்கும், விட்டுவர ஒரு துணியும் கணக்குப் போடும் வீட்டாரைக் கேட்கின்றோம். அந்தப் பணத்தில் ஒரு நல்ல கைத்தடி வாங்குங்கள். கண் மங்கியிருந்தால் ஆஸ்பத்திரியில் காட்டிப் புரையை எடுத்துவிடுங்கள். கழிப்பறைச் சுவரில் பிடித்து எழ ஒரு கம்பி அடியுங்கள். அவள் கூடையைப் பாதி பாரமாக்கி அவளிடமே கொடுத்து, விலை பேசுவதை அவளுக்கே விட்டுவிடுங்கள். அதில் அவளை வெல்ல உங்கள் வீட்டில் ஆள் கிடையாது.