ஒண்டிக்கட்டையும் ஒஹிதோரிஸமாவும்

வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குப் புறப்படும் நம்மூர்க் குழுக்களை விமான நிலையத்தில் கண்டிருப்பீர்கள். ஒரே நிறத் தொப்பிகள், கொடியேந்திய வழிகாட்டி, பெட்டிக்குள் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும். இதில் நகைக்க ஒன்றுமில்லை. காசிக்கும் இராமேசுவரத்துக்கும் கூட்டமாகவே போய்வந்தவர்கள் நாம். ஆனால் ஒருவர் தனியே அயல்நாடு சுற்றி வந்தேன் என்றதும், ‘துணைக்கு யாரும் கிடைக்கவில்லையா?’ என்றுதான் முதலில் கேட்கிறோம். துணை வாய்க்காதபோது நேரும் விபத்தே தனிமை என்னும் இந்த எண்ணத்தோடுதான் நமக்கு வழக்கு.

சொற்களே சாட்சி. தனியே வாழ்பவரை ஒண்டிக்கட்டை என்கிறோம். தனிமரம் தோப்பாகாது என்று பழமொழி வேறு. அகப்பாடல்களில் பொருள் தேடிப் பாலை கடப்பவனும் மனத்தால் வீட்டைத் திரும்பிப் பார்த்தபடியேதான் நடக்கிறான். ஜப்பானியர் இதே ஆளுக்கு ஒஹிதோரிஸமா என்றொரு சொல் வைத்திருக்கிறார்கள். ஹிதோரி என்றால் ஒருவர். முன்னும் பின்னும் ஒட்டியிருப்பவை மரியாதைச் சொற்கள். உணவகத்துக்குத் தனியே வருபவரைக் குறிக்கும் சொல் இது. முதுமையைத் தனியே எதிர்கொள்ளும் பெண்களைப் பற்றிச் சமூகவியலாளர் உஎனோ சிஸுகோ 2007இல் எழுதிய நூலின் தலைப்பிலும் இச்சொல்தான் இருக்கிறது. அந்நூல் அங்கே அமோகமாக விற்றது.

நிற்க. கியோத்தோவில் நாம் தனியே பத்து நாட்கள் கழித்ததுண்டு. (தனியே போனவர் ‘நாம்’ என்று எழுதுவது வாசகருக்குச் சிரிப்பூட்டலாம். நான்காம் நாளிலிருந்து உள்ளே இருவர் பேசிக்கொண்டே நடந்தமையால் பன்மை பொருந்தும் என்றே கருதுகிறோம்.) பகல் ஒரு பொருட்டல்ல, கோயில்களும் தோட்டங்களும் அதை விழுங்கிவிடும். விளக்கேற்றும் வேளைதான் சோதனை. கடைகளுக்குள்ளிருந்து சிரிப்பொலி கேட்கும். தெருவில் எந்த முகத்திலும் நம்மை அறிந்த சாயல் இராது. பசி மட்டும் தெரிந்த முகம்போல் கூடவே வரும். அப்படியோர் இரவில் ராமென் கடையொன்றில் நுழைந்தோம். வாசலில் ஓர் இயந்திரம்; காசு போட்டுப் பொத்தானை அழுத்தினால் சீட்டு வருகிறது. உள்ளே சமையற்காரரைப் பார்த்தபடி நீண்ட பலகை, அதன் ஓரமாக முக்காலிகள். எதிரே நாற்காலியே கிடையாது. நால்வருக்கான மேசையில் தனியே அமர்பவரைக் குற்றவாளியாக்குபவை மூன்று காலி நாற்காலிகள் அல்லவா? அவை இல்லாத இடத்தில் சங்கடமும் இல்லை. ஆவி பறக்கும் கிண்ணம் வந்தது. இருபுறமும் உறிஞ்சும் ஒலி. உண்ணும்போது உண்பது மட்டுமே நடந்தது. நம் வீடுகளில் அது எத்தனை முறை வாய்த்திருக்கிறது?

ரியோஆன்ஜி ஆலயத்தின் கல் தோட்டத்தில் 15 பாறைகள் உள்ளன. திண்ணையில் எங்கு அமர்ந்தாலும் ஒன்றாவது கண்ணுக்கு மறைந்துவிடும். குழுவாக வருவோர் எண்ணிப் பார்த்து, வியந்து, படமெடுத்து நகர்ந்துவிடுகிறார்கள். தனியே அமர்ந்தவருக்குக் கணக்கைச் சொல்ல ஆளில்லை. ஆகவே சற்று நேரத்தில் எண்ணுவதே நின்றுபோகிறது. பிறகுதான் சரளையில் வாரி இழுத்த கோடுகளும், பின்னாலுள்ள மண்சுவரில் ஊறியிருக்கும் எண்ணெய்க் கறையும் தெரியத் தொடங்குகின்றன.

ஜப்பானைச் சொர்க்கமாக்க வேண்டியதில்லை. யாருமற்று இறந்து, நாட்கள் கழிந்தபின் கண்டெடுக்கப்படுவோரின் சாவுக்குக் கொதோகுஷி என்று பெயரிட்டதும் அதே மொழிதான். 2021இல் அந்நாட்டு அரசு தனிமைச் சிக்கலைக் கவனிக்கவென்றே ஓர் அமைச்சருக்குப் பொறுப்பளித்தது. விரும்பி ஏற்ற தனிமை வேறு, தலையில் வந்து விழுந்த தனிமை வேறு. திரும்பிச் செல்ல வீடுள்ளவர் பேசும் பேச்சு இது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

இதற்கு வெளிநாடுதான் போகவேண்டுமா என்று கேட்பவர்கள், சொந்த ஊரில் தனியே உண்டு பார்க்கலாம். ‘இன்னும் எத்தனை பேர் வராங்க?’ என்பார் பரிமாறுபவர். இலை போடுமுன் தெரிந்தவர் ஒருவர் எதிரே வந்தமர்ந்து ஊர்க்கதையைத் தொடங்கிவிடுவார். தனியே வந்தவர் பெண்ணென்றால் கை ஃபேமிலி ரூம் இருக்கும் பக்கமாக நீளும். நம்மை யாரும் அறியாத ஊரில் இந்தத் தொல்லைகள் இல்லை. அந்த விடுதலை ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் தேவைப்படுகிறது; பாதுகாப்பு என்ற பெயரில் அவர்களுக்கே அது அதிகம் மறுக்கவும்படுகிறது.

ஆனால் கைப்பேசி இருக்கிறதே! கிண்ணம் வந்ததும் படம், படம் போனதும் பதில், பதிலுக்குப் பதில். உடல் கியோத்தோவில், உள்ளம் குடும்ப வாட்ஸப் குழுவில். இவரைத் தனிப்பயணி என்பது எப்படி? சுற்றுலாக் குழுவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டல்லவா போகிறார்! இவ்விடத்தில் ஏ. கே. செட்டியாரை நினைத்துக்கொள்கிறோம். 1930களில் தோக்கியோவில் ஒளிப்படக்கலை பயின்றவர். 1940இல் வெளிவந்த காந்தி ஆவணப்படத்துக்குப் படச்சுருள்கள் தேடிக் கண்டம் கண்டமாக அலைந்தவர். கப்பலில் போகும் கடிதம் வீடு சேர வாரக்கணக்காகும் காலம் அது. அவருடைய பயண நூல்களில் ஊர் இருக்கும், மனிதர்கள் இருப்பார்கள், அவர்கள் பேசியது இருக்கும். செட்டியார் மட்டும் அரிதாகவே தென்படுவார். வந்து சேர்ந்துவிட்டேன், பார்த்துவிட்டேன் என்று அறிவிக்கும் அவசரம் அவருக்கு இல்லை. ஜப்பானுக்கோ வேறெங்கோ பெட்டி கட்டும் நண்பர்கள் அவர் நூல் ஒன்றைக் கையோடு கொண்டுபோகட்டும். ஒரே ஒரு மாலையாவது கைப்பேசியை அறையிலேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போய் வரட்டும்.