தங்கப் பதக்கம் அடுப்பெரிக்குமா?

விளையாட்டில் கூலியைப் பற்றிப் பேசக் கூடாதாம். அது புனிதமான காரியமாம். நாட்டுக்காக, கொடிக்காக, கௌரவத்துக்காக ஆடுகிறவர்கள் காசை நினைக்கலாகாதாம். பெரிய பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்களில் இந்த உபதேசம் ஓயாமல் நடக்கிறது. உபதேசம் செய்யும் கனவான்கள் மட்டும் மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கத் தவறுவதில்லை!

இவர்களுக்குப் பதில் சொல்ல, இவர்கள் சொர்க்க பூமி என்று கொண்டாடுகிற அமெரிக்காவே போதும். அந்த நாட்டின் வாட்டர் போலோ வீராங்கனை மேகி ஸ்டெஃபென்ஸின் கதையைக் கேளுங்கள், தோழர்களே.

வாட்டர் போலோ என்பது தண்ணீரில் ஆடும் பந்தாட்டம். பக்கத்துக்கு ஏழு பேர். கால் தரையைத் தொடக் கூடாது. கோல் காப்பவரைத் தவிர மற்றவர்கள் ஒரு கையால்தான் பந்தைத் தொடலாம். எட்டு எட்டு நிமிஷமாக நான்கு பகுதி. பந்து வெளியே போனால் கடிகாரம் நின்றுவிடும். ஆகவே உண்மையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தண்ணீரில் கிடக்க வேண்டும். கிணற்றிலும் ஏரியிலும் நீந்தத் தெரிந்தவர்கள் நினைத்துப் பாருங்கள்: ஆழத் தண்ணீரில் காலை மட்டும் உதைத்து நெஞ்சளவு எழும்பி நிற்கிறீர்கள், ஒருத்தி முதுகில் ஏறுகிறாள், இன்னொருத்தி நீருக்கடியில் உடையைப் பிடித்து இழுக்கிறாள், நடுவருக்கு அது தெரிவதில்லை. இந்த நிலையில் பந்தை வீச வேண்டும்!

மேகி 1993ல் கலிபோர்னியாவில் பிறந்தார். தந்தை போர்ட்டோ ரிக்கோ தீவில் பிறந்தவர். அந்தத் தீவின் அணிக்காகத் தண்ணீரில் இறங்கியவர். (1898லிருந்து அமெரிக்காவின் பிடியில் இருக்கும் தீவு அது. அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் அங்கே வசிப்பவர்களுக்கு வோட்டுக் கிடையாது.) 2012ல் லண்டன் ஒலிம்பிக். மேகிக்கு வயது 19. முதல் ஆட்டத்திலேயே ஹங்கேரிக்கு எதிராக ஏழு கோல். ஸ்பெயினுடன் நடந்த இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா போட்ட எட்டில் ஐந்து அவருடையது. தங்கம். 2016ல் ரியோ, இத்தாலியை 12-5 என்று தோற்கடித்துத் தங்கம். 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மூன்றாவது தங்கம். அங்கேதான் இத்தாலிய வீராங்கனை தானியா டி மாரியோவின் 47 கோல் சாதனையையும் தாண்டினார். ஒலிம்பிக்கில் அதுவரை எந்தப் பெண்ணும் அத்தனை கோல் போட்டதில்லை. உலகப் பட்டங்களோ ஐந்து.

சரி, இத்தனை சாதித்தவர் கவலையில்லாமல் இருந்திருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்?

2024 மே மாதம். பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இன்னும் இரண்டு மாதமே இருந்தது. அணித் தலைவி மேகி, இன்ஸ்டாகிராமில் ஊருக்கெல்லாம் தெரியும்படி ஒரு விஷயத்தை எழுதினார். ஒலிம்பிக் வீரர்களில் பெரும்பாலோர் இரண்டாவது வேலை பார்த்துத்தான் பிழைக்கிறார்கள், சிலர் மூன்றாவது வேலையும் பார்க்கிறார்கள், தாமும் அப்படித்தான் என்றார். பிரயாணச் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் வீட்டு வாடகைக்கும்கூட ஆதரவாளர் தேவை என்றார்.

மூன்று தங்கம் வாங்கிய பெண் வாடகைக்கு ஆள் தேடுகிறாள்! சங்கம் கொடுக்கிற படி எதற்குக் காணும் என்பது இதிலிருந்தே தெரியவில்லையா?

பாட்டுக்காரர் ஃபிளேவர் ஃபிளேவ் அதைப் படித்துவிட்டு, தாமும் பெண் பிள்ளைகளைப் பெற்றவர் என்று சொல்லி உதவிக்கு வந்தார். ஐந்து வருஷ ஒப்பந்தம் போட்டார். நல்ல மனசுக்காரர், அவரோடு நமக்குச் சண்டை இல்லை. பத்திரிகைகள் போட்ட கூத்தைத்தான் சகிக்க முடியவில்லை. என்ன இனிமையான கதை, என்ன பரோபகாரம் என்று பக்கம் பக்கமாக உருகினார்கள். அந்தப் பெண் ஏன் கேட்க வேண்டி வந்தது என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? கூலியாக வர வேண்டியது இனாமாக வந்தால், வாங்குகிறவர் கும்பிட வேண்டும். கொடுக்க வேண்டியவன் தப்பித்துக்கொள்வான். போனஸ் கேட்டவனுக்குத் தீபாவளி வேட்டி ஒன்றைக் கொடுத்து அனுப்பும் வித்தை நமக்குத் தெரியாததா?

பணம் இல்லையா? 2014ல் என்.பி.சி. கம்பெனி, 2021 முதல் 2032 வரை ஒலிம்பிக்கை அமெரிக்காவில் ஒளிபரப்பும் உரிமைக்கு 765 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. படத்தில் காட்டப்படுவது யாருடைய உழைப்பு? அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டி தங்கம் வாங்கியவருக்கு 37,500 டாலர் தருகிறது. நாலு வருஷத்துக்கு ஒரு முறை, அதுவும் வென்றால்! பாரிஸில் மேகியின் அணி வெண்கலத்துக்கான ஆட்டத்தில் நெதர்லாந்திடம் 10-11 என்று ஒரு கோலில் தோற்றது. நாலாம் இடம். பதக்கப் பரிசு இல்லை. கமிட்டிக்கு 1978ம் வருஷச் சட்டம் அதிகாரத்தைக் கொடுத்தது. நடத்துகிற செலவுக்கு அரசாங்கம் பணம் கொடுப்பதில்லை. போர்க் கப்பல் கட்ட மட்டும் கஜானா திறந்தே கிடக்கிறது.

மேகி ஏழை வீட்டுப் பெண் அல்ல, ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் படித்தவர், அவருக்கா பரிந்து பேசுகிறீர்கள் என்று ஒரு புத்திசாலி கேட்கலாம். வாஸ்தவம். நீச்சல் குளமும் பயிற்சியாளரும் உள்ள ஊரில், விளையாட்டுக் குடும்பத்தில் பிறந்தவருக்கே இந்தக் கதி என்றால், குளமே இல்லாத வீதியில் பிறந்தவள் எங்கே போவாள்? மிசிசிப்பியில் ஜாக்சன் நகரம் என்ன செய்தது தெரியுமா? வெள்ளையரும் நீக்ரோக்களும் ஒரே குளத்தில் இறங்கலாம் என்று கோர்ட்டு சொன்னதும், நகரசபை குளங்களையே நடத்தாமல் விட்டுவிட்டது. 1971ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட், அது செல்லும் என்று ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் தீர்ப்புக் கொடுத்தது. ஒலிம்பிக் வாட்டர் போலோவில் அமெரிக்காவுக்காக ஒரு கறுப்பினப் பெண் இறங்கியது 2016ல்தான்: கோல் காப்பாளர் ஆஷ்லி ஜான்சன். அவரும் மேகியும் சேர்ந்துதான் ரியோவிலும் டோக்கியோவிலும் வென்றார்கள்.

பெண்களுக்கு இந்த ஆட்டம் ஒலிம்பிக்கில் கிடைத்ததும் யாரும் தட்டில் வைத்துக் கொடுத்ததல்ல. ஆண்கள் 1900லேயே ஆடினார்கள். பெண்கள் 2000ம் வருஷம் சிட்னி வரை காத்திருந்தார்கள். ஆஸ்திரேலியப் பெண்கள் விடாமல் கிளர்ச்சி செய்து கதவைத் திறந்தார்கள். கடைசி விநாடி கோலில் அமெரிக்காவை 4-3 என்று வென்று அந்த முதல் தங்கத்தையும் எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது புதிய தருமப் பிரபு ஒருவர் கிளம்பியிருக்கிறார். ராஸ் ஸ்டீவன்ஸ் என்ற நிதி முதலாளி 2025ல் கமிட்டிக்குப் பத்துக் கோடி டாலர் அறிவித்தார். ஒலிம்பிக்கில் ஆடும் ஒவ்வொரு அமெரிக்கருக்கும் இரண்டு லட்சம் டாலராம். எப்போது? பாதி, 45 வயதிலோ முதல் ஒலிம்பிக்கிலிருந்து இருபது வருஷம் கழித்தோ. மீதிப் பாதி, செத்த பிறகு வாரிசுக்கு! 2026 குளிர்கால ஒலிம்பிக்கிலிருந்துதான் கணக்கு. மேகி வாங்கிக் கொடுத்த மூன்று தங்கமும் அதில் சேராது. வீட்டுக்காரன் வாடகை கேட்பது மாதம் முதல் தேதியில். அவனிடம் போய், 45 வயதில் தருகிறேன் என்று சொல்லிப் பார்க்கட்டும் இந்தப் பிரபு!