ஆபுத்திரன் ஏறினானா?

மணிமேகலையை ஆண்டுதோறும் பாடம் நடத்தும் நாம், ஆபுத்திரன் கதையில் ஓரிடத்தை விரைந்து கடந்துவிடுகிறோம். சாவக நாட்டில் பஞ்சம் என்று கேட்டு, அமுதசுரபியோடு அவன் கப்பலேறுகிறான். மணிபல்லவத்தில் கப்பல் தங்குகிறது; இறங்குகிறான். அவன் திரும்ப ஏறிவிட்டான் என்றெண்ணி, இருளிலேயே கப்பல் புறப்பட்டுவிடுகிறது. உண்பிக்க ஒருவருமற்ற தீவில், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாநோன்பிருந்து மடிகிறான். இதைத் தியாகம் என்று கரும்பலகையில் எழுதுகிறோம். தலை எண்ணாமல் பாய் விரித்தவர்களின் குற்றம் என்று ஒருநாளும் எழுதியதில்லை.

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் மூழ்கின. பிற மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தூய்மைப் பணியாளர்கள் அழைத்து வரப்பட்டனர். இளைஞர்கள் உணவுப் பொட்டலங்களோடு இடுப்பளவு நீரில் இறங்கினர். பிறகு நாம் செய்தது என்ன? மயிலாப்பூரிலும் தி. நகரிலும் மேடை போட்டுப் பொன்னாடை போர்த்தினோம். முகாமில் பத்து நாள் நின்ற நம் மாணவர் ஒருவர், அதன்பின் மாதக்கணக்கில் வகுப்பில் வாய் திறக்கவில்லை. சான்றிதழ் நீட்டிய நாம், 'உறக்கம் வருகிறதா தம்பி?' என்று கேட்கவில்லை. 2020 மார்ச்சில் மருத்துவப் பணியாளர்களுக்காகக் கைதட்டிய இதே நகரில்தான், அடுத்த மாதமே, கொரோனாவில் இறந்த மருத்துவரை அடக்கம் செய்யச் சென்ற ஆம்புலன்ஸ் ஊழியர்கள் தாக்கப்பட்டனர்.

'தொண்டுக்கு வந்தவருக்குச் சோர்வு ஏது?' என்பார் சில தலைவர்கள். அமுதசுரபி வற்றாது, ஐயா. ஏந்திய கை ஓயும். ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் இணைந்து 2007இல் வெளியிட்ட நெருக்கடிகால மனநல வழிகாட்டுதல், பணியாளர், தன்னார்வலர் மனநலத்தைக் காப்பதை அவர்களை அனுப்பும் நிறுவனத்தின் பொறுப்பில்தான் வைக்கிறது. செவிமடுத்தல் நம் ஊருக்குப் புதிதுமன்று. ராஜா அண்ணாமலைபுரத்தில் இயங்கும் 'சிநேகா' 1986 முதல் அதைத்தான் செய்துவருகிறது.

தலைமையின் கருணைக்குப் பெரிய தத்துவம் வேண்டா. தனியே அனுப்பாமல் இருவராக அனுப்புக. பணி நேரத்துக்கு வரம்பு கட்டுக. 'இன்று முடியவில்லை' என்பவரைக் கோழை என்னாதிருக்க. முகாம் கலைந்த பின்னும் ஒருமுறை அழைத்து விசாரிக்க. கூலிக்கு உழைப்பவரின் கூலியைக் குறித்த நாளில் கொடுக்க. கூலி தராமல் ஆறுதல் மட்டும் சொல்வது ஏமாற்று.

அடுத்த வெள்ளத்துக்குப் படகுகளையும் பொட்டலங்களையும் எண்ணி வைப்போர், திரும்பி ஏறும் ஆட்களையும் எண்ணட்டும். பொன்னாடைகளை அதன்பின் எண்ணிக்கொள்ளலாம்.