ஏரியைப் பார்த்த பால்கனி

ஃப்ளாட் விளம்பரங்களுக்குத் தனியாக ஓர் அகராதி போடலாம். 'ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம்' என்றால், ரயிலில் போனால் ஐந்து நிமிடம். 'வளர்ந்து வரும் பகுதி' என்றால் ரோடு இன்னும் வரவில்லை. 'அமைதியான சூழல்' என்றால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஆட்டோக்காரர் அந்தப் பக்கம் தலை வைக்க மாட்டார். 'ஏரியைப் பார்த்த பால்கனி' என்பதுதான் கொஞ்சம் விவகாரமானது. சென்னையில் நீங்கள் ஏரியைப் பார்த்தால் ஏரியும் உங்களைப் பார்க்கும். டிசம்பரில் வீட்டுக்கே வந்து பார்க்கும்.

என்னோடு பி.காம். படித்த நண்பன் ஒருவனுக்கு வேளச்சேரியில் ஒரு ஃப்ளாட் தகைந்து வந்தது. இருபத்தைந்து வருஷத்துக் கட்டடம், இரண்டாவது மாடி, ஆயிரம் சதுர அடி, 68 லட்சம். கையில் 18 லட்சம். அதில் பாதி, அவன் அப்பா ரிடையரானபோது வந்த பணம். மீதி 50 லட்சம் பேங்க் லோன். எட்டரை சதவீத வட்டி, இருபது வருஷம் என்றால் மாதம் சுமார் 43,400 ரூபாய். கட்டி முடிக்கும்போது ஒரு கோடியே நாலு லட்சம் போயிருக்கும். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் தனி. அது ஓர் ஆறு லட்சத்துச் சொச்சம். அப்பாவின் பணம் போகிற இடத்தில் டைல்ஸை மட்டும் பார்த்துவிட்டு வர முடியுமா? "நீயும் கூட வாடா" என்றான். போனேன்.

புரோக்கர் வாசல் கிழக்கு, கிச்சன் அக்னி மூலை என்று ஆரம்பித்தார். நாங்கள் டேப்பை எடுத்தோம். உள்ளே அளந்தால் 740 சதுர அடிதான் தேறியது.

"பாக்கி 260?"

"காமன் ஏரியா ஸார்."

அதாவது மாடிப்படியில் கொஞ்சம், லிஃப்ட்டில் கொஞ்சம், வாட்ச்மேன் உட்காரும் இடத்தில் கொஞ்சம். 2016ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம், புது ப்ராஜெக்ட்டுகளில் கார்ப்பெட் ஏரியாவைச் சொல்லித்தான் விற்கவேண்டும் என்கிறது. பழைய ஃப்ளாட்டுக்கு டேப்தான் சட்டம்.

அடுத்தது யூ.டி.எஸ்., அதாவது பிரிக்கப்படாத நிலப் பங்கு. மூன்று வருஷம் பி.காம். படித்ததில் உருப்படியாக மண்டையில் ஏறியது தேய்மானம் ஒன்றுதான். கட்டடம் வருஷா வருஷம் தேயும். நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது. நாளைக்கு இடித்துக் கட்டும்போது உங்கள் மொசைக் தரையை யாரும் சீந்த மாட்டார்கள், நிலப் பங்கைத்தான் கேட்பார்கள். இரண்டு கிரவுண்டு, 4,800 சதுர அடி, பன்னிரண்டு வீடு. சமமாகப் பிரித்தால் 400 வரணும். பத்திரத்தில் 310 இருந்தது. (மிச்சம் யார் பெயரில் இருக்கிறது என்பது வக்கீல் பார்க்கவேண்டிய சமாசாரம். வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத்துறை வெப்சைட்டிலேயே இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் வக்கீலுக்கு ஃபீஸ் கொடுக்க மூக்கால் அழாதீர்கள்.)

உண்மையான வில்லங்கம் வேறொரு நோட்டில் இருந்தது. அசோசியேஷன் செக்ரட்டரி மாமாவிடம் மெயின்டனன்ஸ் கணக்கைக் கேட்டேன். வீடு பார்க்க வந்தவன் கணக்கு நோட்டைக் கேட்பது அவர் சர்வீஸில் இதுதான் முதல் தடவையாம். சந்தோஷமாகக் கொடுத்தார். 2019 மே, ஜூன்: பக்கம் பூராவும் 'தண்ணி லாரி', 'தண்ணி லாரி'. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்களே, அந்த வருஷம். 2023 டிசம்பர்: மோட்டார் ரீவைண்டிங், லிஃப்ட் குழியில் தண்ணீர் இறைத்த கூலி, சம்ப் கழுவிய கூலி, ஜெனரேட்டர் வாடகை. மிக்ஜாம் புயல்! ஒரே கட்டடம். மே மாதம் தண்ணீரை விலைக்கு வாங்குகிறார்கள், டிசம்பரில் கூலி கொடுத்து வெளியே அனுப்புகிறார்கள்.

"செகண்ட் ஃப்ளோருக்கு எப்படி ஸார் தண்ணி வரும்?" என்றார் புரோக்கர். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. தெருமுனையில் இஸ்திரி போடும் அண்ணனிடம் அதையே கேட்டேன்.

"2015ல இடுப்புக்கு மேல ஸார். என் தள்ளுவண்டியே காணாப் போச்சு. போன தபா முட்டி வரைக்கும். மாடிக்கெல்லாம் தண்ணி வராது. ஆனா மாடில இருக்கறவங்க பால் வாங்க எறங்கணுமில்ல?"

மோட்டார் கீழே, மீட்டர் பெட்டி கீழே, பைக் கீழே. கரண்ட் போனால் இரண்டாவது மாடியில் குழாயும் பேசாது. 2024 அக்டோபரில் பெருமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தியதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். என்னைக் கேட்டால், ஒரு பேட்டையைப் பற்றி அதைவிட நேர்மையான விளம்பரம் கிடையாது.

தண்ணீரையும் குறை சொல்ல முடியாது. தெற்குப் பக்கத்து ஏரிகள் வழிந்தால் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குப் போய்த்தான் பழக்கம். 2022ல் ராம்சார் பட்டியலில் சேர்த்துக் கௌரவப்படுத்திய அந்தச் சதுப்புநிலத்தில் பெரும்பகுதியை அதற்கு முன்பே குப்பையும் கட்டடமுமாக நிரப்பியாகிவிட்டது. தண்ணீர் பழைய விலாசத்தைத் தேடிக்கொண்டு வருகிறது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, போய்ப் பாருங்கள். லேக்கைத் தவிர எல்லாம் இருக்கும்.

அதற்காக வேளச்சேரியே வேண்டாம் என்று சொல்லவில்லை. ரயில் இருக்கிறது, ஸ்கூல் இருக்கிறது, நண்பனின் மனைவிக்கு ஆபீஸ் பத்து நிமிஷம் (நிஜமாகவே பத்து நிமிஷம்). அதே கட்டடத்தில் வாடகை 22 ஆயிரம். தவணையில் பாதி. இரண்டு மழைக்காலம் வாடகைக்கு இருந்து பார், இல்லை, வாங்கித்தான் தீருவேன் என்றால் நிலப் பங்குக்கும் அந்தக் கணக்கு நோட்டுக்கும் சேர்த்து விலையைக் குறைத்துக் கேள் என்றேன். அறுபதுக்குக் கேட்டான்.

"ஓனர்கிட்ட பேசறேன் ஸார். ஆனா எதுவா இருந்தாலும் அக்டோபருக்குள்ள முடிச்சுடணும்ங்கறாரு."

"அதென்ன, அக்டோபர்?"

புரோக்கர் வானத்தைப் பார்த்தார்.