அறுபது அடி தூரம்

செகந்திராபாதில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், அறுபது அடி தள்ளி, ஒரு கார் ஷெட் இருந்தது. அம்மா போன பிறகு அப்பா தனியாக இருக்க ஆசைப்பட்டார். ஷெட்டை அறையாக மாற்றினோம். கட்டில், ஃபேன், குளியலறை எல்லாம் வந்தன. வீட்டைப் பார்த்த பக்கத்தில் இருந்த இரும்பு ஷட்டரை மட்டும் செலவுக்கு அஞ்சி அப்படியே விட்டுவிட்டோம். வினை அங்கேதான் தொடங்கியது.

இரவு எட்டு மணிக்கு பூனாவில் படிக்கும் என் பெண் தாத்தாவை வீடியோவில் கூப்பிடுவாள். இரண்டு நிமிடத்தில் படம் உறைந்துபோகும். அப்பா புகார் சொல்லும் ரகம் இல்லை. ஒரு மழை நாளில் குடையும் போனுமாகத் துளசி மாடத்தருகே நின்றவரைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. "குழந்தைக்கு என்ன அவசரமோ, பாதியிலேயே வெச்சுடறா" என்றார். வைத்தது குழந்தை அல்ல, எங்கள் ஷட்டர்.

வீட்டில் மூன்று பெட்டிகள் கொண்ட மெஷ் வைஃபை உண்டு. ஒரு பெட்டி இன்டர்நெட் இணைப்பை வாங்கி மற்றவற்றுக்குக் காற்று வழியே கொடுக்கும். மூன்றாவது பெட்டியைத் தூக்கி அப்பா அறையில் வைத்தேன். சிவப்பு விளக்குதான் எரிந்தது. எல்லோரும் செய்யும் தவறு இது. மெஷ் பெட்டி சிக்னலை உற்பத்தி செய்வதில்லை. தனக்குக் கிடைத்ததைத்தான் பகிர்ந்து கொடுக்கிறது. சிக்னல் செத்த இடத்தில் வைத்தால் பகிர என்ன இருக்கும்? அது நன்றாகக் கிடைக்கும் கடைசி இடத்தில் வைக்க வேண்டும்.

எனவே பெட்டி சமையலறை ஜன்னலுக்கு இடம் மாறியது. கொஞ்சம் முன்னேற்றம். வைஃபைக்கு முக்கியமாக இரண்டு அலைவரிசைகள். 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது, ஆனால் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரை ஓரளவு தாண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். (இந்தியாவில் முதலாவது 2005லும், இரண்டாவதின் பெரும்பகுதி 2018லும் லைசென்ஸ் தேவையற்றவை ஆயின.) இரும்புத் தகடோ இரண்டையுமே திருப்பி அனுப்பிவிடும். தவிர, ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பிக் கொடுக்கும் பெட்டி வேகத்தைப் பாதியாக்கிவிடும். அப்பாவின் படம் உறைவது குறைந்ததே தவிர நிற்கவில்லை.

தீர்வு பழைய சமாசாரம்: கம்பி. இரண்டு கட்டடங்களுக்கிடையே ஒரு கேபிள் போட்டு, அதன் முனையில் மெஷ் பெட்டியை இணைத்துவிட்டால், அது காற்றை நம்பி இருக்க வேண்டியதில்லை. சாதாரண ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். ஆனால் எங்கள் எலெக்ட்ரீஷியன் ஒரு கேள்வி கேட்டார்: "மின்னல் அடிச்சா?" இரண்டு கட்டடத்துக்கும் தனித்தனி எர்த் இருக்கும்போது நடுவில் செம்புக் கம்பி ஓடினால், இடி மின்னலின்போது அதிர்ச்சி மின்சாரம் அந்த வழியே ஓடி இரு பக்கக் கருவிகளையும் பதம் பார்க்கலாம். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே ஃபைபர் என்று முடிவானது.

தோட்டத்தில் பள்ளம் தோண்டி, பிவிசி பைப் புதைத்து, இரு முனையிலும் கனெக்டர் வைத்தே விற்கும் ஃபைபரை இழுத்தோம். மின்சார ஒயர் வேறு பைப்பில் போகிறது; இரண்டையும் ஒன்றாகப் போடக் கூடாது. ஃபைபரின் இரு பக்கமும் மீடியா கன்வெர்ட்டர் என்ற சிறு டப்பா. அவற்றுக்கும் கரண்ட் வேண்டும். எனவே வீட்டு ரூட்டருக்கும் அப்பா அறைக்கும் ஆளுக்கொரு சின்ன யுபிஎஸ். பவர் கட்டில் ஒரு முனை அணைந்தாலும் இணைப்பு போய்விடும் அல்லவா?

நீங்கள் மெஷ் பெட்டிக்குப் பதில் பழைய ரூட்டர் ஒன்றை மறுமுனையில் வைப்பதானால் அதை 'அக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் இரண்டு எஜமானர்கள் ஆகிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. மூன்று வாரமாக நான் கடைகளில் விசாரித்துக்கொண்டிருந்த 'பவர்ஃபுல்' ரூட்டரின் விலையைவிடச் செலவு குறைவு. சுவரை முட்டி உடைக்கும் அலையைத் தேடுவதைவிடச் சுவருக்கடியில் போவது புத்திசாலித்தனம் என்று புரிய எனக்கு அவ்வளவு நாள் ஆயிற்று.

அன்று இரவு எட்டு மணிக்குப் பேச்சு தொடங்கியது. எட்டே முக்காலுக்கு என் மனைவி சாப்பாட்டுத் தட்டுடன் போய்க் கதவருகே நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். "இன்னும் பேசிட்டிருக்கார், அப்புறம் குடுக்கலாம்" என்றாள்.

துளசி மாடத்துக்கு அப்பா இப்போதும் வருகிறார், காலையில் தண்ணீர் ஊற்ற.